மெடல் கழற்றும் விழா

மெடலைக் குத்துவதற்கு முன்னால், அதை எப்படிக் குத்த வேண்டும் என்று பெற்றோருக்கு ஒத்திகை நடந்தது.

சென்றாயன் அதற்காகவே கிழங்கு சீசனில் வண்டியை நிறுத்திவிட்டு அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நாமக்கல் வந்திருந்தார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்கு ஓடும் மினி லாரி ஒன்று அவருக்குச் சொந்தம். ஓட்டுவதும் அவரே. மனைவி ராசாத்தி, கல்யாண வீட்டுக்குப் போகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மகள் தீபிகா முதலிடம் வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. மாதத் தேர்வில் முதலிடம்.

முதல்வர் சாலம்மாள் மேடையில் ஒரு துணிக்கடைப் பொம்மையை நிறுத்தி, அதற்குப் பள்ளியின் கோட்டைப் போட்டுவிட்டிருந்தார்.

"பிள்ளைங்க இடது கையால கோட்டை இப்படித் தூக்கிப் பிடிச்சுக்குவாங்க. நீங்க ஊசியை உள்ள விட்டு வெளிய எடுக்கணும். குத்துனதும் நெத்தியில முத்தம். அதுக்கப்புறம்தான் கண்ணீர். முத்தத்துக்கு முன்னாடி கண்ணீர் வந்துட்டா போட்டோவுல மூஞ்சி சரியா விழாது."

சென்றாயன் கையைத் தூக்கினார். "கண்ணீர் வரலைன்னா என்னங்க பண்றது?"

"வரும். வராதவங்க கர்ச்சீப்பைக் கண்ணுகிட்டக் கொண்டுபோங்க. மீதியைப் போட்டோகிராபர் பாத்துக்குவாரு."

பத்து மணிக்குத் தாளாளர் பூபதி வந்தார். பள்ளி தொடங்குவதற்கு முன்பு வெறும் லாரிச் சேஸிஸின் மேல் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். அதை அவர் மறைத்ததில்லை. ஒவ்வொரு விழாவிலும் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்.

"பெத்தவங்க நீங்க சேஸிஸ் குடுக்கறீங்க. பாடி நாங்க கட்டறோம். லோடு ஏத்துனா தாங்குதான்னு பாக்கோணுமில்லீங்களா, அதுக்குத்தான் போட்டி. தாங்காத சேஸிஸை என்ன பண்றதுன்னு எங்களுக்குத் தெரியும்."

பெற்றோர் சிரித்தார்கள். வண்டிக்காரர் என்பதால் சென்றாயன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

"எம் பையன் பிலிப்பைன்ஸ்ல டாக்டருக்குப் படிக்கிறானுங்க. பாத்துட்டு வரலாமுன்னு போயிருந்தேன். அவன் குடியிருக்கற ஊட்டுக்காரம்மா, பேத்தி ஸ்கூல்ல விழான்னு கூட்டிட்டுப் போனாங்க. அங்க மெடலை வாத்தியாரு போடறதில்லீங்க. பெத்தவங்களே மேடையேறி, தங் கையால புள்ளை நெஞ்சுல குத்தறாங்க. ஒரு அம்மா சந்தையில மீன் விக்கறவங்களாம். மேடையில நின்னு அழுதாங்க பாருங்க, நானும் அழுதுட்டேன். இது நம்மூருக்கு வேணுமுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"ஆனா அவங்க ஒரு தப்புப் பண்றாங்க. பாதி வகுப்புக்கு மெடல் குடுத்தர்றாங்க. குடுத்ததைத் திரும்ப வாங்கறதுமில்லை. எல்லாரும் சந்தோசமா ஊட்டுக்குப் போறாங்க. சந்தோசமாப் போறவன் அடுத்த பரீட்சைக்கு எதுக்குங்க படிப்பான்? அதனால நம்ம பள்ளியில மெடல் ரெண்டே ரெண்டு. தங்கம் ஒண்ணு, வெள்ளி ஒண்ணு. அரையாண்டுல எடம் மாறுச்சுன்னா, குத்துன பெத்தவங்களே மேடையேறிக் கழட்டோணும். கழட்டி அடுத்த புள்ளையோட பெத்தவங்க கையில குடுக்கோணும். பிலிப்பைன்ஸ்காரனுக்கு இது தோணலை. நமக்குத் தோணிருக்குது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கழற்ற வேண்டியவர் வேறு யாரோ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு தட்டினார்கள். சென்றாயனும் அப்படித்தான் தட்டினார்.

பிறகு தீபிகா மேடைக்கு வந்து, சொல்லிக்கொடுத்தபடி இடது கையால் கோட்டைத் தூக்கிப் பிடித்தாள். சென்றாயன் மெடலைக் குத்தினார். ராசாத்திக்கு முத்தத்துக்கு முன்பே கண்ணீர் வந்துவிட்டது. அவளை நகரச் சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு படம் எடுத்தார்கள்.

வெள்ளி மெடல் ஆலியாவுக்கு. அவள் அப்பா முகம்மது ஹனீப் சேலம் கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருப்பவர். மேடையை விட்டு இறங்கும்போது அவர் சென்றாயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நம்ம பிள்ளைக ரெண்டும் ஒரே ரூமாம்ணே. என் பொண்ணு போன்ல பேசுனா உங்க பொண்ணு கதைதான்."

"இதுவும் அப்படித்தாங்க பாய். ஆலியா, ஆலியாங்கும்."

பக்கத்தில் நின்றிருந்த சாலம்மாள் இதைக் கேட்டுவிட்டார். ஏதோ சிந்தித்தவராக உள்ளே போனார்.

*

அடுத்த வாரமே பள்ளியில் 'எதிர் இணை' என்ற திட்டம் வந்தது. முதலிடமும் இரண்டாமிடமும் எதிர் இணை. மூன்றாமிடமும் நான்காமிடமும் எதிர் இணை. இப்படிக் கடைசி வரை. எதிர் இணைகள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார வேண்டும். பேசக்கூடாது. ஒருவர் படிப்பதைப் பார்த்து மற்றவருக்குப் பயம் வர வேண்டும், அந்தப் பயம்தான் டீசல் என்றார் தாளாளர்.

பெற்றோருக்கும் இது பொருந்தும் என்பது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கப் போனபோதுதான் சென்றாயனுக்குத் தெரிந்தது. தங்கப் பெற்றோருக்கு மின்விசிறிக்குக் கீழே உறை போட்ட நாற்காலி. வெள்ளிப் பெற்றோருக்கு உறை போடாத நாற்காலி, தங்கப் பெற்றோரைப் பார்த்தபடி. மற்றவர்களுக்குப் பெஞ்சு. கடைசிப் பத்து இடத்துப் பெற்றோர் வராந்தாவில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் சேலம் கோர்ட்டில் வக்கீல். அவரும் நின்றார்.

"பாய், இங்க வந்து உக்காருங்க, காத்து வருது" என்றார் சென்றாயன்.

ஹனீப் எழுந்திருக்கவில்லை. "வேண்டாம்ணே. எடம் மாறி உக்காந்தா பிள்ளை மனசு தளர்ந்துரும்னு சொல்லியிருக்காங்க."

இருவரும் பள்ளிக்கு வெளியே இருந்த டீக்கடையில்தான் பேசிக்கொள்ள முடிந்தது. அங்கேயும் ஹனீப் ஒரு தடவை கேட் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆலியா இளைச்சுட்டே போறாண்ணே. அவ அம்மா பாத்துட்டு ஊட்டுக்கு வந்து அழறா. முதல்வர்கிட்டச் சொன்னேன். ரெண்டாமிடத்துல இருக்கற பிள்ளைக்கு உடம்பு வைக்கக்கூடாது, வைச்சா அங்கயே தங்கிரும்னு சொல்றாங்க."

"சாப்புடுதுங்களா?"

"மத்தியானத்துல எழுச்சி வகுப்புன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. வெள்ளி வாங்குன பிள்ளைக்கு மட்டும். சாப்பாட்டு மணி அடிச்சதும் அந்த வகுப்பு. நல்ல வாத்தியாருங்க எடுக்கறாங்களாம். பெருமைதான். ஆனா முடிஞ்சு வர்றப்போ சாப்பாட்டு ரூமைக் கழுவி விட்டுர்றாங்களாம்."

தன் பெண் முதலிடத்தில் இருப்பதால்தான் இவர் பெண்ணுக்குச் சோறு இல்லை என்பது போலச் சென்றாயனுக்கு இருந்தது. அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் பட்டது. டீக்குக் காசு கொடுக்க இருவரும் ஒரே நேரத்தில் சட்டைப்பைக்குள் கையை விட்டார்கள்.

அந்த மாதம் ஆலியா காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். அதைப் பள்ளியின் வாட்ஸப் குழுவில் சாலம்மாள் குரல் பதிவாகப் போட்டார். "நம் வெள்ளி மாணவி ஒருவர் இன்று உழைப்பின் உச்சத்தில் மயங்கினார். மூன்றாமிடம், நான்காமிடப் பெற்றோர் தங்கள் பிள்ளைகள் இன்னும் ஒருமுறைகூட மயங்காதது ஏன் என்று யோசிக்கவும்." கீழே ஏகப்பட்ட கும்பிடு படங்கள் வந்து விழுந்தன. மூன்றாமிடத்துக் கௌசிகாவின் அப்பா, சேந்தமங்கலத்துக் காத்தான், 'யோசிக்கிறோம் மேடம்' என்று பதில் போட்டிருந்தார்.

*

அரையாண்டுத் தேர்வில் ஆலியா முதலிடம். தீபிகா இரண்டாமிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீபிகா விடுதி போனிலிருந்து பேசினாள். சென்றாயன் மில் வாசலில் லோடு இறக்கக் காத்திருந்தார்.

"ஏன் சாமி கொறைஞ்சுது?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவள் போனை வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. தோன்றியதே தவிர, மார்க் ஏன் குறைந்தது என்பதுதான் நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ராசாத்தி பேசினால் எரிந்து விழுந்தார். யாராவது தீபிகாவைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று டீக்கடையில்கூட நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. உடனே வர வேண்டும், போனில் சொல்ல முடியாது என்றார்கள். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, அதைவிடப் பெரிய விஷயம் என்றார்கள். வழியெல்லாம் ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரோ ஒரு பையன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சென்றாயன் செல்போனாக இருக்கும் என்று நினைத்தார்.

தாளாளர் அறையில் பூபதியும் சாலம்மாளும் இருந்தார்கள். சுவர் ஓரமாக ஹனீப் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் ஆலியா, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய். எதிர்ச் சுவர் ஓரமாகத் தீபிகா. கோட்டில் தங்க மெடல் இன்னும் இருந்தது, விழா வரை அது இருக்க வேண்டும் என்பது விதி.

"உட்காருங்க" என்ற சாலம்மாள், வெள்ளிப் பெற்றோர் ஆகப்போகிறவர் என்பது நினைவுக்கு வந்து, உறை போடாத நாற்காலியைக் காட்டினார். "கெமிஸ்ட்ரி பேப்பர்ல உங்க பொண்ணு ஒரு கேள்வியை எழுதாமலே விட்டிருக்கு. அந்தக் கேள்வியைப் பரீட்சைக்கு முந்தின வாரம் போர்டுல போட்டு வகுப்புக்கே விளக்கினது இதே பொண்ணுதான்."

"மறந்திருக்குங்க மேடம்."

"மறந்திருந்தா நாங்க உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டோம். மறதிக்கு எங்ககிட்ட மருந்து இருக்கு. நீயே சொல்லும்மா."

தீபிகா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "தெரியுங்க மேடம். வேணும்னேதான் எழுதலை."

"எதுக்கு?"

"ஆலியா சாப்பிடறதில்லை. என் தட்டுல இருந்து எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன், வார்டன் பிடுங்கிக் கொட்டிட்டாங்க. மொத எடத்துக்கு வந்தா அவ சாப்பிடலாம். அதனால இந்தப் பரீட்சையில அவ, அடுத்த பரீட்சையில நான்னு முறை வெச்சுக்கிட்டோம்."

ராசாத்தி மூச்சை விட்டாள். பையனும் இல்லை, போனும் இல்லை. அவளுக்கு அந்த நிமிஷத்தில் மகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. எழுந்தவளைச் சாலம்மாள் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

பூபதியின் முகம் உண்மையிலேயே வெளுத்திருந்தது.

"முறை வெச்சுக்கிட்டாங்களாம். கேட்டீங்களா? ஏனுங்க, இருபது வருசமா பள்ளிக்கூடம் நடத்தறேன். காப்பி அடிச்ச பசங்களைப் பாத்திருக்கறேன். மன்னிச்சு விட்டிருக்கறேன். ஏன்னா காப்பி அடிக்கறவன் மேல வரோணுமுன்னு அடிக்கறான், அவனுக்குள்ள நெருப்பு இருக்குது. இது என்னங்க இது? தெரிஞ்ச பதிலை எழுதாம விடறது? அடுத்தவ சோறு திங்கோணுமுன்னு? இது பரவுச்சுன்னா என்னாகும்? நாளைக்கு எல்லாரும் முறை வெச்சுக்குவாங்க. மொத எடங்கறது டவுன் பஸ்சு சீட்டு மாதிரி ஆயிரும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போவாங்க. அப்பறம் இந்தப் பள்ளிக்கூடம் எதுக்கு? நான் எதுக்கு?"

கடைசிக் கேள்விக்கு அவர் ஒருவரும் பதில் சொல்லாதபடி கையை உயர்த்தினார்.

"அப்ப அந்தப் பொண்ணுக்குச் சோறு போட்டுட்டா சரியாப் போயிருமுங்களே" என்றார் சென்றாயன்.

சாலம்மாள் பொறுமையாக விளக்கினார். "சோறு பிரச்சினை இல்லை சார். சோறு நிறைய இருக்கு. தினமும் மிச்சம் கொட்டறோம். இரண்டாமிடத்துக்கும் முதலிடத்துக்கும் ஒரே மாதிரி சோறு போட்டா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் இருக்கு? அதை யோசிக்கணும்."

ஹனீப் தொண்டையைச் செருமினார். "என் பொண்ணுக்கு இது தெரியுமுங்களா மேடம்? அவளும் சேந்துதான்..."

"தெரியும். ஆனா ஆலியா மேல போகிறதுக்குத்தானே ஒத்துக்கிட்டாங்க. அதுல தப்பு இல்லை. நாங்க கேட்டுப் பார்த்தோம். முதலிடத்தை அவங்க ஒருநாளும் வேண்டாம்னு சொல்லலை. இல்லையாம்மா?"

ஆலியா தீபிகாவைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு உடனே சொல்லப்பட்டது. மாற்று விழாவில் சென்றாயன் மெடலைக் கழற்றுவதோடு, மைக்கில் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். 'என் மகள் தெரிந்தே தோற்றாள். அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.' இதைச் சாலம்மாள் சொல்ல, சென்றாயன் திருப்பிச் சொல்லிப் பழகினார். சொல்லாவிட்டால் தீபிகாவின் நன்னடத்தைச் சான்றிதழில் எழுத வேண்டியிருக்கும், பிறகு எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள் என்றார்கள். 'வெட்கப்படுகிறேன்' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று சாலம்மாள் திருத்தினார்.

*

விழா அன்று காலையில் சென்றாயன் ஹனீப்பை வண்டி நிறுத்தும் இடத்தில் பிடித்தார்.

"பாய், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு புள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிரலாமா? அயோத்தியாப்பட்டணத்துலயே பள்ளிக்கூடம் இருக்குது. ரெண்டும் ஒண்ணாப் படிக்கட்டும்."

ஹனீப்பின் மனைவி மஸ்தான் பீவி சட்டென்று கணவரின் முகத்தைப் பார்த்தாள். ஹனீப் கார்ச் சாவியைக் கையில் சுழற்றினார்.

"நானும் யோசிச்சேண்ணே. ஆனா இப்ப அவ மொதல்ல வந்துட்டா. இனிமே நேரத்துக்குச் சாப்பிடுவா. உங்க பொண்ணு அதுக்குத்தானே அப்படிச் செஞ்சுது? இப்பப் போய்க் கூட்டிட்டு வந்துட்டா, அது செஞ்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்ல?"

சொல்லிவிட்டு அவர் சென்றாயனைப் பார்க்கவில்லை. மஸ்தான் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பூபதி அன்று பட்டு வேட்டியில் இருந்தார். பிலிப்பைன்ஸ் மீன்காரம்மாவின் கதையை மறுபடி சொன்னார். இந்த முறை அந்த அம்மாளுக்கு ஒரு கண் தெரியாமல் போயிருந்தது.

"விழா நாள்னு நம்ம பள்ளியில வகுப்பு நிக்காதுங்க. புதுசா வெள்ளி வாங்கற புள்ளை இன்னைக்கு மத்தியானமே எழுச்சி வகுப்புல உக்காரும். மெடல் வாங்குன பெத்தவங்களுக்கு மட்டும் மாடியில விருந்து இருக்குது. மத்தவங்க கீழ நின்னு வாசம் புடிச்சுட்டுப் போங்க. அடுத்த தடவை மேல வரோணுமுங்கற வெறி வரட்டும்."

கூட்டம் சிரித்தது.

சென்றாயனையும் தீபிகாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ராசாத்தி படிக்கட்டருகே நின்றுகொண்டாள். மறுபக்கத்திலிருந்து ஹனீப்பும் ஆலியாவும் வந்தார்கள். போட்டோகிராபர் தீபிகாவை வெளிச்சத்துக்கு நகர்த்தினார்.

சென்றாயன் மெடலைப் பிடித்தார். ஊசி கோட்டுத் துணியின் நூலில் மாட்டிக்கொண்டு வரவில்லை. விரல் வழுக்கியது. அப்போது தீபிகா இடது கையால் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொடுத்தாள். குத்தும்போது பழக்கிவிட்டபடியே. "மெதுவா இழுங்கப்பா, வந்துரும்" என்றாள்.

வந்துவிட்டது. கோட்டில் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிந்தன.

மைக்கை அவர் முன்னால் வைத்தார்கள்.

"எம் பொண்ணு தெரிஞ்சேதான் தோத்தா" என்றார் சென்றாயன். அதன் பிறகு நின்றுவிட்டார்.

சாலம்மாள் பக்கத்திலிருந்து மெதுவாக எடுத்துக்கொடுத்தார். "அதற்காக நான்..."

சென்றாயன் வாயைத் திறந்தார். மூடினார்.

"அதற்காக நான் வெட்க..."

"அது வரலீங்க மேடம்" என்றார் அவர். மைக் அதையும் கூட்டத்துக்குக் கேட்க வைத்தது. "நேத்தெல்லாம் சொல்லிப் பாத்தேன். இப்ப வரலீங்க."

மெடலை ஹனீப்பின் கையில் வைத்தார். ஹனீப் அதை வாங்கிக்கொண்டார். விரல்களை மூடவில்லை. தீபிகா ஆலியாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஆலியாவின் உதடு துடித்தது. ஆனால் கேமரா அவள் பக்கம் திரும்பியிருந்தது, அவள் கோட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"வா சாமி, பெட்டியை எடுத்துக்கலாம்" என்றார் சென்றாயன்.

படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த நீளமான வழியில் மூவரும் நடந்தார்கள். பூபதி மைக்கைக் கையில் எடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. விழாவுக்கு எதிர்பாராத ஒரு நிகழ்ச்சி கிடைத்த மகிழ்ச்சிதான் இருந்தது.

"பாத்துக்கங்க. புள்ளைகளே, நல்லாப் பாத்துக்கங்க. போட்டியில நிக்க முடியாதவங்க எப்படிப் போறாங்கன்னு பாத்துக்கங்க. அவங்களுக்கு ஒரு கைதட்டல் குடுங்க."

கொடுத்தார்கள். முன்வரிசையில் காத்தான் எழுந்து நின்று தட்டினார். அவர் மகள் இப்போது இரண்டாமிடம். வராந்தாவில் வழக்கமாக நிற்கிற வக்கீல், தீபிகா போனதால் தன் பையன் ஓர் இடம் மேலே வருவதைக் கணக்குப் பார்த்துவிட்டு, அவரும் தட்டினார். கேட் வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது. சாணியை மிதித்துவிட்டவள் போல ராசாத்தி கேட்டைத் தாண்டியதும் காலை மண்ணில் தேய்த்தாள்.

டி.சி.யைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று காவலாளி சொன்னார். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்க அவர்தான் உதவினார்.

*

ஆண்டகளூர் கேட் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சென்றாயன் வண்டியை நிறுத்தினார். தீபிகா கோட்டைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இலையில் சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல் வந்தது. ராசாத்தி மகளுக்கு ஆம்லெட் போடச் சொன்னாள்.

தீபிகா நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டு கவளம் போனதும், "ஆலியா இன்னைக்கு மொத டேபிள்ல உக்காந்திருப்பா. அங்க தயிர் கெட்டியா இருக்கும்" என்றாள்.

"சாப்புடட்டும் சாமி."

இன்னொரு கவளம் பிசைந்தவள் அப்படியே நிறுத்தினாள். "அப்பா, இப்ப ரெண்டாவது கௌசிகா."

"யாரு, காத்தான் பொண்ணா?"

"அவளுக்கு அல்சர் இருக்கு. மாத்திரை போடறா. சாப்புட்டுட்டுத்தான் போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். வார்டனுக்குத் தெரியாது. அவங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிருங்கப்பா."

வாட்ஸப் குழுவில் காத்தானின் எண் இருந்தது. சென்றாயன் இடது கையால் போனை எடுத்து அழைத்தார். நெடுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னணியில் வாளியும் கரண்டியும் மோதும் சத்தம், பலர் பேசும் இரைச்சல்.

"யாருங்க?"

"தீபிகாவோட அப்பா பேசறேங்க."

"ஓ, கழட்டுனவரா. சொல்லுங்க."

"உங்க பொண்ணை மத்தியானத்துல சாப்புட விடாம வகுப்புல உக்கார வெச்சுருவாங்க. ரெண்டாவது எடத்துக்கு அப்படித்தான். புள்ளைக்கு வயித்துப் புண்ணு இருக்குதாமே. ஒரு வார்த்தை சொல்லி, சாப்புட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் இன்னொரு பீஸ் வைக்கட்டுமா என்று யாரோ கேட்பது கேட்டது. வைங்க, வைங்க என்றார் காத்தான்.

"ஏனுங்க, உங்க புள்ளை போனா எங்க புள்ளையையும் கீழ இழுக்கோணுமா? எங்க வகையறாவுலயே மெடலு வாங்குனது இதுதான் மொதல்ல. இலையில உக்காந்திருக்கறேன். அப்பறம் பேசறேன், வெச்சர்றேன்."

சென்றாயன் போனைக் கீழே வைத்தார்.

"என்னப்பா சொன்னாரு?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்காரு சாமி."

தீபிகா தலையாட்டினாள்.

"மணி என்னப்பா?"

"ஒண்ணே கால்."

"சாப்பாட்டு மணி அடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு இலையை மூடினாள்.